கறிவேப்பிலைச் செடியில் 11 புழுக்கள் இருந்தன

எருக்கம்பூ | சனி, காலை 7.40

பெங்களூருவில் சர்ஜாபூர் சாலைப் பக்கம் ஓர் அடுக்ககத்தில் ஆறு வருடமாகக் குடியிருக்கிறோம். கட்டடத்தின் பின்புறம், ஜெனரேட்டர் அறைக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு கறிவேப்பிலைச் செடி நிற்கிறது. யார் வைத்ததென்று யாருக்கும் தெரியாது. ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ரசம் தாளிக்க எங்கள் பிளாக்கில் பாதி வீடுகள் அங்கேதான் இலை கிள்ளுகின்றன.

ஒரு மாதத்துக்கு முன்பு கொழுந்து கிள்ளப் போனபோது ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி அந்தச் செடியையே சுற்றிச் சுற்றி வந்தது. ஓர் இலையைக் காலால் தொட்டுப் பார்க்கும், விட்டுவிடும், அடுத்த இலைக்குப் போகும். கடைசியில் ஒரு தளிரின்மேல் வயிற்றை வளைத்து, கடுகைவிடச் சிறிய ஒரு மஞ்சள் முட்டையை ஒட்டிவிட்டு எழுந்தது. ஒன்றே ஒன்று. பிறகு வேறு தளிர், இன்னொரு முட்டை. அன்றிலிருந்து காலையில் போய்ப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நான்கு நாள் கழித்து முட்டை இருந்த இடத்தில் பறவை எச்சம் போல ஒன்று, கறுப்பும் வெள்ளையுமாக, ஒட்டிக்கொண்டிருந்தது. மகள்தான் "அம்மா, எச்சம் நகர்கிறது" என்றாள். நாள் போகப் போக அந்த எச்சங்களெல்லாம் பச்சைப் புழுக்களாகிவிட்டன. ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பு ஒன்று நீண்டு, அழுகிய நாரத்தங்காய் போல வாடை அடித்து, மறுபடி உள்ளே போய்விடும். மொத்தம் 11 புழுக்கள். மகள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை போனபோது செடியில் ஒன்றுகூட இல்லை. அடியில் ஆறு சுருண்டு கிடந்தன. இலையெல்லாம் வெள்ளைத் திட்டு, மருந்து வாடை. தோட்டக்காரரைக் கேட்டேன். கிருஷ்ணகிரிக்காரர், நல்ல மனிதர். "செடியெல்லாம் புழு என்று புகார் வந்ததாம் அம்மா. அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று மாலை மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டம். பேசுவதற்கு ஐந்து நிமிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். "பட்டாம்பூச்சி அழகு" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள். அது இருப்பதால் என்ன பயன், இல்லாமல் போனால் என்ன நட்டம், ஓர் அடுக்ககத்தில் நடைமுறையில் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் | சனி, காலை 8.15

படித்ததும் வயிற்றைப் பிசைந்தது அக்கா. நீங்கள் பார்த்தது கறிவேப்பிலை அழகி. எலுமிச்சை அழகியும் அதே செடியில் முட்டையிடும், ஆனால் அதற்கு இறக்கை நிறைய வெளிர்மஞ்சள் திட்டுகள் இருக்கும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். கெங்கேரியில் எங்கள் மொட்டை மாடியில் பட்டாம்பூச்சிக்காகவே வெட்சி, பெண்டாஸ், சாமந்தி என்று தொட்டி தொட்டியாக வைத்தேன். வந்தன, தேன் குடித்தன, போய்விட்டன. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. பிறகுதான் உறைத்தது: பூ இருந்தால் சாப்பிட்டுவிட்டுப் போகும், இலை இருந்தால்தான் பிள்ளை பெறும். அதுவும் எந்த இலையும் ஆகாது. ஒவ்வொரு வகைக்கும் அதற்கென்று விதித்த இலை உண்டு. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இரண்டு அழகிகளுக்கு. எருக்கு, வெந்தய வரியனுக்கு. சரக்கொன்றையும் ஆவாரையும் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் பலவற்றுக்கு. அடுக்ககங்களில் மதிலோரம் வரிசையாக நிற்கும் நெட்டிலிங்கம் இருக்கிறதே, அதில் பச்சைப் புள்ளி போட்ட வேகமான ஒன்று முட்டையிடும். மாமரம் இருந்தால் இலையின் நடு நரம்பை உற்றுப் பாருங்கள். நரம்பின் மேலேயே படுத்துக்கொண்டு, பக்கவாட்டில் சிறகு போன்ற பச்சை முட்களை விரித்துக்கொண்டு ஒரு புழு இருக்கும். விரலை வைக்கும் வரை அது இருப்பதே தெரியாது.

ஆகவே கூட்டத்தில் "பூச்செடி வைப்போம்" என்று தீர்மானம் போட்டு உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள். இலை தின்னப்படுவதை அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் கேட்க வேண்டியது.

நிலாவின் அப்பா | சனி, காலை 9.02

மன்னிக்கவும் சகோதரி, நான் மறுபக்கத்தில் நிற்கிறேன். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் மகளுக்கு டெங்கு வந்தது. தட்டணுக்கள் இறங்கி, நான்கு இரவுகள் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு எங்கள் அடுக்ககத்தில் வாரந்தோறும் புகை அடிக்க வேண்டும் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். பட்டாம்பூச்சி வாழட்டும், எனக்கும் பிடிக்கும். ஆனால் பிள்ளையா பூச்சியா என்று கேட்டால் என் பதில் உங்களுக்கே தெரியும். உங்கள் கூட்டத்திலும் என்னைப்போல் ஒருவர் எழுந்து நிற்பார். அவருக்கு என்ன சொல்வீர்கள்?

பூச்சிமாணவி | சனி, காலை 10.30

நான் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜிகேவிகே வளாகத்தில் பூச்சியியல் படிக்கிறேன். நிலாவின் அப்பாவுக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அவர் கேட்டதுதான் கடினமான கேள்வி.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் பெருகுவதில்லை. தேங்கிய தெளிந்த நீரில் பெருகுகிறது: குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டியின் அடித்தட்டு, மூடாத சம்ப் (தரைக்கடி நீர்த்தொட்டி), மொட்டை மாடியில் கிடக்கும் பெயின்ட் டப்பா. புகை அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுக்களில் ஒரு பகுதியைத்தான் கொல்லும். நீருக்குள் இருக்கும் புழுவையும் முட்டையையும் அது தொடுவதே இல்லை. ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை எழும்பிவிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய நீரையெல்லாம் கொட்டித் தேய்த்துவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துபோகும். ஓரிடத்தில் நோய் பரவிக்கொண்டிருக்கும்போது சுகாதாரத் துறையினர் புகை அடிப்பதை நான் எதிர்க்கவில்லை. நோய் இல்லாத காலத்திலும் வழக்கமாக வாரந்தோறும் அடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். அது உங்கள் மகளைக் காப்பதில்லை அண்ணா. காப்பது போன்ற தைரியத்தை மட்டும் தருகிறது. அந்தத் தைரியத்தில் சம்ப் மூடியைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

இனி அக்காவின் கேள்வி. வாட்ஸாப்பில் "பட்டாம்பூச்சி அழிந்தால் மனித இனமே அழியும்" என்று சுற்றுகிறதே, அதைத் தயவுசெய்து கூட்டத்தில் சொல்லாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால் உங்கள் பேச்சு முழுவதும் அடிபட்டுப் போகும். மகரந்தச் சேர்க்கையில் பெரும் உழைப்பு தேனீக்களுடையது. பட்டாம்பூச்சி நீண்ட கால்களில் நின்று உறிஞ்சுகிறது; உடலில் ஒட்டும் மகரந்தம் குறைவு. ஆனால் அது வெகுதூரம் பறக்கும். நெடுந்தொலைவில் இருக்கும் இரண்டு செடிகளுக்கு நடுவே உறவு ஏற்படுத்தும். சில பூக்கள் அதையே நம்பியும் இருக்கின்றன. நம் செங்காந்தளைப் பாருங்கள். பூ தலைகீழாகத் தொங்கும், மகரந்தத் தாள்கள் சக்கரத்தின் ஆரங்கள் போல வெளியே விரிந்து நிற்கும். தேன் குடிக்க வரும் பட்டாம்பூச்சியின் இறக்கை அந்தத் தாள்களில் உரசுகிறது. மகரந்தம் காலிலோ மூக்கிலோ அல்ல, இறக்கையில் ஏறிப் பயணம் போகிறது. தமிழ்நாட்டின் மாநில மலர் இப்படித்தான் காய்க்கிறது.

என்னைக் கேட்டால் பட்டாம்பூச்சியின் பெரிய பங்கு அது பறக்கும்போது அல்ல, புழுவாக ஊரும்போதுதான். இலையில் இருக்கும் சத்தை இறைச்சியாக மாற்றுவது புழு. பெரும்பாலான சிறு பறவைகளின் குஞ்சுகளால் தானியத்தைச் செரிக்க முடியாது. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூட முதல் சில நாட்களுக்குக் குஞ்சுக்குப் பூச்சியும் புழுவுமே ஊட்டுகிறது. தையல்சிட்டும் தேன்சிட்டும் அப்படியே. அமெரிக்காவில் ஒரு சிறு குருவி இனம் ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்து ஆளாக்க 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை கொண்டுவந்து ஊட்டுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குருவி காணாமல் போயிற்று என்று வருந்துகிறோம், சுவரில் அட்டைப்பெட்டிக் கூடு மாட்டுகிறோம், ஆனால் புழுவுக்கு மருந்து அடிக்கிறோம். அந்தக் கூட்டில் குஞ்சு பொரித்தால் தாய் எதைக் கொண்டுவந்து ஊட்டும்?

இன்னொரு பயனும் உண்டு. இலை இல்லாமல் புழு இல்லை, புழு இல்லாமல் பட்டாம்பூச்சி இல்லை என்பதால், ஓரிடத்தில் என்னென்ன வகை பறக்கின்றன என்று பார்த்தே அங்கே என்னென்ன செடி உயிரோடு இருக்கிறது, மண்ணும் காற்றும் எப்படி இருக்கின்றன என்று சொல்லிவிடலாம். பகலில் பறப்பவை, எண்ணுவது எளிது. பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் ஒரே பாதையில் வாராவாரம் நடந்து எண்ணி வருகிறார்கள். உங்கள் மகளின் நோட்டும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது அக்கா.

அல்சூர்வாசி | சனி, பகல் 12.10

என் தாத்தா காலத்திலிருந்து அல்சூரில் இருக்கிறோம். எனக்கு 68 வயது. அந்தப் பெண் பிள்ளையின் நோட்டைப் பற்றிப் படித்தபோது மனம் எங்கோ போய்விட்டது.

நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது ஏரிக்குப் போகும் வழியெல்லாம் காலி மனைகள். எருக்கு, ஆமணக்கு, ஊமத்தை, கிலுகிலுப்பை, நாயுருவி, எல்லாம் ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கும். எருக்கஞ்செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மணிக்கணக்கில் பார்ப்பேன். வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு புழு. எருக்கிலையைக் கிள்ளினால் பால் கொட்டும் அல்லவா? அந்தப் பால் அதன் வாயை ஒட்டிவிடும். அதனால் அது எடுத்த எடுப்பில் கடிக்காது. இலையின் நரம்பை முதலில் ஓரிடத்தில் கடித்து அறுக்கும். பால் அங்கேயே பொங்கி வழிந்து நின்றுபோகும். அதற்குப் பிறகு அறுத்த இடத்துக்கு அப்பால் இருக்கும் பகுதியை நிதானமாக உட்கார்ந்து தின்னும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு? எருக்கின் நஞ்சு உடம்பில் ஏறிவிடுவதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இன்று அந்த மனைகளில் ஒன்றுகூடக் காலியாக இல்லை. மீதி இருக்கும் ஒன்றிரண்டையும் "புதர்" என்று ஜேசிபி வைத்து வழித்துவிடுகிறார்கள். பெங்களூருவில் பூங்காக்கள் நிறைய இருக்கின்றன. புல்தரையும் வெட்டிவிட்ட வேலியும் அழகாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பூங்காவில் எருக்கு முளைத்தால் மறுநாளே பிடுங்கிவிடுவார்கள். நாம் களை என்று பெயர் வைத்த செடிகள்தான் பட்டாம்பூச்சியின் தொட்டில். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயதாயிற்று.

நிலாவின் அப்பா | சனி, பகல் 1.25

பூச்சிமாணவிக்கு நன்றி. தொட்டித் தட்டு என்று படித்ததும் எழுந்து போய் எங்கள் பால்கனியில் பார்த்தேன். மூன்று தட்டுகளில் நீர். ஒன்றில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. புகை அடித்து மூன்று நாள்தான் ஆகிறது. வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கொட்டிவிட்டேன்.

ஹெப்பால் நடையர் | சனி, மாலை 5.50

ஒரு கேள்வி. பன்னேர்கட்டாவில் 2006இல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்கா இருக்கிறது, இந்தியாவின் முதல் பட்டாம்பூச்சிப் பூங்கா. பிள்ளைகளை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன். அப்படி ஊருக்கு நான்கு பூங்கா வைத்து வளர்த்துவிட்டால் போதாதா? ஒவ்வோர் அடுக்ககத்திலும் ஏன் சண்டை போட வேண்டும்?

இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். சென்ற மாதக் கடைசியில் காலை நடையின்போது நீலமும் கறுப்புமான பட்டாம்பூச்சிகள் நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே திசையில், சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகளில் அடிபட்டு நிறைய விழுந்து கிடந்தன. அவை எங்கே போகின்றன?

பூச்சிமாணவி | சனி, இரவு 9.15

உங்கள் இரண்டாம் கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பதில் இருக்கிறது அண்ணா.

நீங்கள் பார்த்தவை நீல வரியன்களும் கருநீல வரியன்களும். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பு மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே சமவெளிக்கும் கிழக்கு மலைகளுக்கும் போகும். அக்டோபர், நவம்பரில் திரும்பி வரும். அந்த வழியில் பெங்களூரு குறுக்கே படுத்திருக்கிறது. முந்நூறு, நானூறு கிலோமீட்டர் போகும் ஓர் உயிரை எந்தக் கண்ணாடிக் கூரைக்குள் வைத்து வளர்ப்பது? அதற்கு வழி நெடுகக் கொஞ்சம் தேன், கொஞ்சம் நிழல், ஈர மண் வேண்டும். கிலுகிலுப்பைச் செடி வேண்டும். ஆண் வரியன்கள் அதன் காய்ந்த தண்டையும் இலையையும் சுரண்டி உறிஞ்சும் சாற்றிலிருந்துதான் பெண்ணை ஈர்க்கும் மணத்தைத் தயாரிக்கின்றன. ஆக, ஒவ்வோர் அடுக்ககமும் ஒரு சத்திரம். பன்னேர்கட்டாப் பூங்காவை நான் குறைத்துப் பேசவில்லை. பிள்ளைகள் கற்றுக்கொள்ள அது அருமையான இடம். ஆனால் இந்தியாவில் 1,300 வகைகளுக்கு மேல் இருக்கின்றன. கூண்டுக்குள் வளர்க்க முடிவது அதில் ஒரு கைப்பிடி.

வேலி போட்டால் காத்ததாகிவிடும் என்று நினைப்பதில் உள்ள ஆபத்துக்கு ஓர் உண்மைக் கதை சொல்கிறேன். பிரிட்டனில் பெரிய நீலன் என்ற பட்டாம்பூச்சி குறைந்துகொண்டே வந்தது. சேகரிப்பவர்கள்தான் காரணம் என்று நம்பி, அது வாழ்ந்த இடங்களுக்கு வேலி போட்டார்கள். ஆடுமாடுகளும் உள்ளே போக முடியவில்லை. முயல்களும் நோயில் மடிந்தன. மேய ஆளில்லாமல் புல் உயர்ந்தது, தரை குளிர்ந்தது. அந்தப் பட்டாம்பூச்சியின் புழு, ஒரு வகைச் சிவப்பு எறும்பின் புற்றுக்குள் போய் எறும்புக் குஞ்சுகளைத் தின்று வளரும் வழக்கமுடையது. அந்த எறும்புக்கு வெயில் படும் குட்டைப் புல் வேண்டும். புல் உயர்ந்ததும் எறும்பு போயிற்று, எறும்பு போனதும் பட்டாம்பூச்சி போயிற்று. 1979இல் பிரிட்டனில் அது முற்றாக அழிந்தது. காரணம் புரிந்த பிறகு, மறுபடி மேய்ச்சல் விட்டு, ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்துதான் மீட்டார்கள்.

நம் ஊரிலும் இதே தவறு நடக்கிறது. ஹெசரகட்டா புல்வெளியைப் பார்த்து "வெற்று நிலம், மரம் நடலாம்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் புல்லில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பட்டாம்பூச்சி பறக்கிறது, இந்தியாவிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. மரம் நட்டால் அதற்கு வீடு போயிற்று. மரம் நடுவது எப்போதும் புண்ணியம் அல்ல என்று சொன்னால் வீட்டில் என் அப்பாகூடக் கோபித்துக்கொள்கிறார். என்ன செய்வது, உண்மை அதுதான்.

தர்மபுரியான் | ஞாயிறு, காலை 6.30

நான் விவசாயக் குடும்பம். இப்போது ஒயிட்ஃபீல்டில் வேலை. கொஞ்சம் வேறு விதமாகப் பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பட்டாம்பூச்சி எல்லாமே சாதுவல்ல. அவரைக்காயைத் துளைக்கும் புழு ஒன்று, வளர்ந்தால் அழகான நீலப் பட்டாம்பூச்சி. எலுமிச்சை நாற்றங்காலில் எலுமிச்சை அழகியின் புழு இறங்கினால் சின்னக் கன்று மொட்டையாகிவிடும். என் அப்பா அதைப் பொறுக்கி அப்புறப்படுத்தியிருக்கிறார், அது அவர் சோறு. ஆகவே வயல்காரனிடம் பேசும் பேச்சு வேறு, அடுக்ககத்தில் பேச வேண்டியது வேறு. ஆளுயரக் கறிவேப்பிலைச் செடியில் 11 புழு தின்பது ஒரு பொருட்டே இல்லை. பதினைந்து நாளில் புதுக்கொழுந்து தள்ளும்.

கூட்டத்தில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள் அம்மா. செங்காந்தள், எறும்புப் புற்று எல்லாம் அருமை. ஆனால் அங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வியாழக்கிழமை மருந்து அடித்த அதே செடியில், வெள்ளிக்கிழமை காலை எத்தனை வீட்டார் இலை கிள்ளிச் சாம்பாரில் போட்டார்கள்? அடித்தது என்ன மருந்து, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று அந்த டப்பாவின் மேல் அச்சடித்திருப்பதை யார் படித்தார்கள்? தோட்டக்காரர் முகமூடி, கையுறை போட்டுக்கொண்டா அடித்தார்? அவருக்கு யார் வாங்கிக் கொடுத்தார்கள்?

எங்கள் ஊரில் அதை மருந்து என்றுதான் சொல்வோம். நஞ்சுக்கு அந்தப் பெயரை எப்படி வைத்தோமோ தெரியவில்லை.

எருக்கம்பூ | ஞாயிறு, காலை 7.05

அண்ணா, எனக்கு இது தோன்றவே இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டாவது மாடி அம்மா கிள்ளிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். புழுவைப் பற்றிய துக்கத்தில் அவரைத் தடுக்கவில்லை. இப்போதே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மாடித்தோட்டம் | ஞாயிறு, காலை 11.20

மருந்து பற்றி ஒன்று. நர்சரியில் வாங்கும் கன்றுகளிலும் எச்சரிக்கை வேண்டும். இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் வேர் வழியாகச் செடி முழுவதும் ஏறி இலையிலும் பூவிலும் தங்கிவிடும். கழுவினால் போகாது. புதிதாக வாங்கிய எலுமிச்சைக் கன்றில் முட்டை பொரித்த புழுக்கள் ஒவ்வொன்றாகச் செத்ததைக் கண்ணால் பார்த்தேன். இப்போதெல்லாம் விதை போட்டோ, தெரிந்தவர் வீட்டிலிருந்து கொப்பு ஒடித்தோதான் வளர்க்கிறேன். வேப்பெண்ணெயும் "இயற்கை" என்று பெயர் வாங்கியதால் புழுவை விட்டுவிடாது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கூட்டத்தில் "கம்பளிப்பூச்சி, அரிக்கும்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். உடம்பெல்லாம் முடி வைத்து, பட்டால் தடிக்கும் புழுக்கள் பெரும்பாலும் அந்துப்பூச்சிகளுடையவை. கறிவேப்பிலைப் புழுவுக்கு முடியே கிடையாது. கையில் ஏற்றிக் காட்டலாம்.

காக்ஸ்டவுன் அம்மா | ஞாயிறு, பிற்பகல் 3.00

நானும் என் மகனும் மூன்று புழுக்களைப் பெட்டியில் வைத்து வளர்த்தோம், மருந்துக்குத் தப்பட்டும் என்று. இரண்டு பட்டாம்பூச்சியாகப் பறந்தன. மூன்றாவது கூட்டுப்புழு பழுப்பாகி, ஒருநாள் ஓட்டை விழுந்து, உள்ளேயிருந்து கொசுவைவிடச் சிறிய குளவிகள் வரிசையாக வெளியே வந்தன. மகன் அலறிவிட்டான். நாங்கள் ஏதாவது தவறு செய்தோமா?

பூச்சிமாணவி | ஞாயிறு, பிற்பகல் 3.40

தவறே இல்லை அம்மா. புழு உங்கள் பெட்டிக்கு வருமுன்பே, அல்லது கூட்டுப்புழு மென்மையாக இருந்தபோதே, ஒரு தாய்க்குளவி அதன் உள்ளே முட்டை வைத்திருக்கும். அதுவும் இதே செடியை நம்பி வாழும் உயிர்தான். நூறு முட்டையில் ஒன்றிரண்டுதான் பட்டாம்பூச்சியாகும். மீதி எறும்புக்கும் சிலந்திக்கும் குளவிக்கும் பறவைக்கும். தம்பியிடம் அப்படியே சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும். ஒன்றிரண்டு வளர்ப்பது நல்ல பாடம். ஆனால் டஜன் கணக்கில் ஒரே பெட்டியில் அடைத்தால் நோய் பரவி எல்லாம் சாகும். பெட்டியைவிடச் செடியே நல்ல இடம்.

எருக்கம்பூ | அடுத்த ஞாயிறு, இரவு 8.50

கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

தர்மபுரி அண்ணன் சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். அறை அமைதியாகிவிட்டது. இரண்டாவது மாடி அம்மா எழுந்து, "நான் அந்த இலையைப் பேரப்பிள்ளைக்குச் சாதத்தில் போட்டேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் மருந்துக்காக வாதாடவில்லை. தோட்டக்காரரை உள்ளே அழைத்துக் கேட்டோம். முகமூடி கேட்டதாகவும் வரவில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

டெங்கு பற்றிய கேள்வியும் வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தொட்டித் தட்டு, மொட்டை மாடி, சம்ப் மூடி எல்லாவற்றையும் சரிபார்க்க இரண்டிரண்டு வீடாக முறை போட்டிருக்கிறோம். நோய் யாருக்கும் இல்லாத வரை புகை இல்லை.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. முன்புறத் தோட்டம் "பார்வைக்கு ஒழுங்காக" இருக்க வேண்டும் என்பதில் பெரும்பான்மையினர் உறுதியாக இருந்தார்கள். எருக்கு வேண்டவே வேண்டாம் என்றார்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று ஒருவர் சொன்னது சரிதான், விட்டுக்கொடுத்தேன். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் சுவரோரம் நாற்பது அடி நீளத்துக்கு ஒரு துண்டு நிலம் எங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு அங்கே மருந்தும் வெட்டும் கிடையாது. அங்கே தானாக முளைத்த தரைப்பசலையைப் பிடுங்கப் போன தோட்டக்காரரை மகள் தடுத்து, அதையும் ஒரு பட்டாம்பூச்சி தின்னும் என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் ஊரில் இதைக் கடைந்து சாப்பிடுவோம் பாப்பா" என்றாராம்.

கிலுகிலுப்பை விதையும் ஆவாரை விதையும் கிடைத்துவிட்டன. சுவரில் ஏற்ற ஒரு கொடி வேண்டும். ஈஸ்வரமூலி யாரிடமாவது இருக்கிறதா?

பூச்சிமாணவி | அடுத்த ஞாயிறு, இரவு 9.10

மகிழ்ச்சி அக்கா! ஈஸ்வரமூலி சரியான தேர்வு. சிவப்பு உடலுடைய அழகிகள் அதில்தான் முட்டையிடும். கர்நாடகத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியான பொன்னழகிக்கும் அந்தக் குடும்பத்துக் கொடிகள்தான் உணவு. உங்கள் பக்கம் பொன்னழகி வருவது அரிது, ஆசை காட்ட மாட்டேன்.

ஆனால் நர்சரியில் அதே குடும்பத்து வெளிநாட்டு அழகுக்கொடி ஒன்றைப் பெரிய பூவைக் காட்டித் தருவார்கள், வாங்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் அந்தக் கொடியை நம்பிப் பொன்னழகியின் உறவுக்காரப் பட்டாம்பூச்சி ஒன்று முட்டையிட, பொரித்த புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்தன. நம் ஈஸ்வரமூலியைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, அது மனிதர்களின் சிறுநீரகத்துக்குக் கேடு. நாட்டு மருந்து என்று யாரும் பறித்துக் காய்ச்சிக் குடிக்காதபடி ஒரு பலகை எழுதி மாட்டிவிடுங்கள்.

அல்சூர்வாசி | அடுத்த ஞாயிறு, இரவு 9.45

என் வீட்டுக் கிணற்றடியில் ஈஸ்வரமூலி இருக்கிறது அம்மா. என் மனைவி வைத்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு லால்பாக் மேற்கு வாசலில், மெட்ரோ நிலையத்தின் பக்கம் நிற்பேன். வேர் விட்ட கொப்பு இரண்டை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருகிறேன்.

எருக்கம்பூ | அடுத்த ஞாயிறு, இரவு 9.52

வருகிறோம் ஐயா. மகள் நோட்டையும் எடுத்து வருவாள். இன்று காலை கறிவேப்பிலையின் புதுத்தளிரில் இரண்டு முட்டைகள் பார்த்திருக்கிறாள்.